ரெண்டு மணி நேரம்: பிரசவத்துல அம்மாக்கள் ஏன் சாகுறாங்க, அத எப்படித் தடுக்குறாங்க

எங்க பாட்டிக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்க, மூணாவது பிரசவத்துல போயிட்டாங்க. பாட்டி அதப் பத்தி எப்பச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்லும், "புள்ள நல்லாத்தான் பொறந்துச்சு, அப்புறம் அவளுக்கு உதிரம் நிக்கல, விடியறதுக்குள்ள போயிட்டா, அவ விதி". அந்த 'விதி'யோட கதை முடிஞ்சிடும், எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு எந்திரிச்சுப் போயிடுவோம். எங்க பெரியம்மா கிராம சுகாதார நர்ஸா முப்பது வருஷம் வேலை பார்த்தவங்க, ஊருக்கே நர்சம்மா. அவங்க ஒரு நாள் இந்தக் கதை முடிஞ்ச உடனே குறுக்க கேட்டாங்க: "புள்ள பொறந்தது எத்தன மணிக்கு? நஞ்சுக்கொடி முழுசா விழுந்துச்சா? எத்தன சேல நனைஞ்சுது? வண்டி கட்டச் சொன்னது யாரு, எப்பச் சொன்னாங்க?" பாட்டிக்கு அத்தனை வருஷம் கழிச்சும் ஒவ்வொண்ணுக்கும் பதில் ஞாபகம் இருந்துச்சு. அதுவரைக்கும் யாரும் கேக்கல, அவ்வளவுதான்.

பிரசவத்துல அம்மா சாகுறதத் தடுக்குற விஷயம் மொத்தமும் ஏறக்குறைய அந்தக் கேள்விகளுக்குள்ளயே இருக்கு. இதப் பத்தி எதுவுமே தெரியாத ஆளுக்கும் புரியுற மாதிரி எழுதிப் பாக்குறேன்.

முதல்ல கணக்கு. ஒரு பொண்ணு கர்ப்பமா இருக்கும்போதோ, பிரசவத்தின்போதோ, அது முடிஞ்சு 42 நாளுக்குள்ளயோ, கர்ப்பத்தாலயோ இல்ல கர்ப்பத்தால மோசமான வேற வியாதியாலயோ இறந்துபோனா அதுக்குப் பேரு தாய் மரணம். பஸ் மோதிச் செத்தா கணக்குல வராது, கர்ப்பத்தால மோசமான இதய நோயில செத்தா வரும். ஒரு லட்சம் குழந்தை உயிரோட பொறக்குறதுக்கு எத்தனை அம்மா சாகுறாங்கன்னு எண்ணுறதுதான் தாய் மரண விகிதம், ஆஸ்பத்திரிக்காரங்க பேச்சுல எம்.எம்.ஆர். 2023ல உலகம் முழுக்க சுமார் 2,60,000 பேர்னு உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுது, அதாவது ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல. அதுல பத்துல ஏழு பங்கு சகாராவுக்குத் தெற்க இருக்குற ஆப்பிரிக்க நாடுகள்ல. நைஜீரியாவுல மட்டும் கிட்டத்தட்ட 75,000. விகிதமாப் பாத்தா 2000ல லட்சத்துக்கு 328 இருந்தது 2023ல 197க்கு வந்திருக்கு, 2030க்குள்ள 70க்குக் கீழ கொண்டு வரணும்ங்கிறது ஐ.நா.வோட இலக்கு, இப்ப போற வேகத்துல அதெல்லாம் நடக்கப்போறதில்ல.

நம்ம நாட்டுக்குள்ளயே பாத்தா இன்னும் புரியும். 2018-20 கணக்குல இந்தியா மொத்தத்துக்கு 97, கேரளா 19, தமிழ்நாடு 54, அசாம் 195. ஒரே நாடு, ஒரே மருந்துக் கம்பெனிகள், டாக்டருங்க படிக்கிற பாடமும் ஒண்ணுதான். ஆனா அசாம்ல ஒரு அம்மா சாகுறதுக்கு கேரளாவ விட பத்து மடங்கு வாய்ப்பு. இதுக்குக் காரணம் உடம்புல இல்ல, உடம்பச் சுத்தி இருக்குற ஏற்பாட்டுல இருக்கு.

இனி அந்த உதிரத்துக்கு வருவோம். தாய் மரணங்கள்ல நாலுல ஒரு பங்குக்கு மேல ரத்தப்போக்காலதான், அதுலயும் பெரும்பாலும் குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்கு. அடுத்தது பி.பி. ஏறி ஜன்னி, அதாவது வலிப்பு, வர்றது, அப்புறம் கிருமி ஏறுறது, இதுபோக ஏற்கனவே இருக்குற ரத்தசோகை, இதய நோய், சர்க்கரை எல்லாம் கர்ப்பத்துல முத்திப்போறது. ஏன் ரத்தப்போக்கு இவ்வளவு வேகமா ஆளக் கொல்லுதுன்னா, நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு 500லேர்ந்து 700 மில்லி ரத்தம் போயிட்டு வருது. நஞ்சு ஒட்டியிருந்த இடம் அது பிரிஞ்ச உடனே ஒரு திறந்த புண்ணு, அத்தனை ரத்தக்குழாயும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கும். இயற்கை இதுக்கு ஒரு அருமையான ஏற்பாடு வச்சிருக்கு. கர்ப்பப்பையோட தசைநார்கள் அந்தக் குழாய்களச் சுத்திக் குறுக்கும் நெடுக்குமாப் பின்னிக் கெடக்கு, பை சுருங்குன உடனே பாட்டிமார் இடுப்புல சொருகியிருக்குற சுருக்குப்பைக் கயித்த இழுத்த மாதிரி எல்லாக் குழாயும் கழுத்து இறுகி மூடிக்கும். அந்தப் பை சுருங்காம கொழகொழன்னு இருந்துட்டா? பத்து ரத்தப்போக்குல ஏழு இதனாலதான், மிச்சம் நஞ்சுல ஒரு துண்டு உள்ளயே தங்குறது, கிழிசல், ரத்தம் உறையாமப் போறது. நீண்ட நேரம் வலி எடுத்துத் தசை சோந்து போயிருக்கலாம், ரெட்டப் பிள்ளையா இருக்கலாம், ஒண்ணுமே இல்லாமலும் வரலாம்.

இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். ரத்தப்போக்கு வந்த பொம்பளைங்கள்ல நெறைய பேருக்கு முன்கூட்டி எந்த அபாய அடையாளமும் இருக்குறதில்ல. 'ஹை ரிஸ்க்' கேஸ மட்டும் பொறுக்கி எடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டா போதும், மத்தவங்கள ஊர் மருத்துவச்சி பாத்துக்குவாங்கன்னு ஒரு காலத்துல உலகம் முழுக்க நெனச்சாங்க, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் கிட்டும் குடுத்தாங்க. சாவு பெருசாக் குறையல. மருத்துவச்சி மேல தப்பில்ல, எங்க ஊர்ல இருந்த கிழவி கையில நூத்துக்கணக்குல புள்ள பொறந்திருக்கு. ஆனா பை சுருங்காம ரத்தம் கொட்டுனா அவங்க கையில ஊசியும் இல்ல, ரத்தமும் இல்ல, அறுவை செய்ய வழியும் இல்ல.

எந்தச் சிக்கலுக்கு எவ்வளவு நேரம் இருக்குங்கிறதுக்கு டாக்டர்கள் சொல்ற ஒரு சராசரிக் கணக்கு இருக்கு, வைத்தியம் எதுவும் கிடைக்கலன்னா தொடங்குனதுலேர்ந்து சாவு வரைக்கும்: கிருமித் தொற்றுன்னா 6 நாள், குழந்தை வெளிய வராம மாட்டிக்கிட்டா 3 நாள், ஜன்னின்னா 2 நாள், கர்ப்பப்பை வெடிச்சா 1 நாள், பிரசவத்துக்கு முன்னாடி ரத்தப்போக்குன்னா 12 மணி நேரம். பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்குன்னா வெறும் 2 மணி நேரம். நாள் கணக்குல போயிட்டு இருந்தது திடீர்னு மணிக் கணக்குக்கு வந்து நிக்குது பாருங்க.

அந்த ரெண்டு மணி நேரம் எங்க போகுதுன்னு கேட்டவங்கதான் அமெரிக்காவுல கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருந்த சரீன் தாடியஸ், டெபோரா மெய்ன்னு ரெண்டு பேர். 1994ல அவங்க சொன்ன விஷயத்துக்குப் பேரு மூணு தாமதம். இந்தத் துறைக்கு வர்ற எல்லாரும் முதல்ல படிக்கிறது இதத்தான், ரொம்ப சிம்பிள்: ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு முடிவெடுக்கத் தாமதம், போய்ச் சேரத் தாமதம், போய்ச் சேந்த அப்புறம் வைத்தியம் கிடைக்கத் தாமதம்.

பாட்டி கதையவே வச்சுப் பாப்போம். புள்ள பொறந்தது ராத்திரி சாப்பாட்டு நேரம். நஞ்சு முழுசாத்தான் விழுந்துச்சாம். ரத்தம் நிக்காம வந்துக்கிட்டே இருக்கு, மாமியாக்காரம்மா சொல்லியிருக்காங்க, "கெட்ட ரத்தம், போகட்டும், உள்ள தங்குனாத்தான் கெடுதல்". அந்தம்மா கொடுமைக்காரின்னு நெனச்சிடாதீங்க, அவங்க பாத்த பிரசவத்துலயெல்லாம் ரத்தம் வந்து தானா நின்னிருக்கு, எது சாதாரணம் எது ஆபத்துன்னு பிரிச்சுப் பாக்க அவங்களுக்கு அளவுகோல் கிடையாது. மூணாவது சேல நனைஞ்ச அப்புறம்தான் பயம் வந்திருக்கு. அப்பவும் புருஷன் இல்ல, வயல்ல தண்ணி முறை, மடை திருப்பப் போயிருக்காரு. அவரு வராம வண்டி கட்டணும்னு முடிவெடுக்க அந்த வீட்டுல ஒருத்தருக்கும் அதிகாரம் இல்ல, அவருக்கு ஆள் போய் அவரு வந்து... முதல் தாமதம்ங்கிறது இதுதான். பொம்பளையோட உயிர் பத்தின முடிவு அந்தப் பொம்பளை கையில இல்லாம இருக்குறது, அறிகுறி தெரியாம இருக்குறது, எவ்வளவு செலவாகுமோங்கிற பயம், போன தடவை ஆஸ்பத்திரியில திட்டு வாங்குன ஞாபகம், எல்லாம் இதுல அடக்கம். கடைசியாச் சொன்னத சாதாரணமா எடுத்துக்காதீங்க, லேபர் வார்டுல கத்துனா கன்னத்துல அடிக்கிற ஆயாவப் பத்தி நம்மூர்ல எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கோம். அந்த அடி வாங்குனவ அடுத்த புள்ளைக்கு கடைசி நிமிஷம் வரைக்கும் வீட்டுலயே பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்பா.

ரெண்டாவது தாமதம் விளக்கவே வேணாம். மாட்டு வண்டி, மூணு மணி நேரம், மழைன்னா அதுக்கு மேல. இதுலதான் கண்ணுக்குத் தெரியுற மாற்றம் வந்திருக்கு, ரோடு, 2008லேர்ந்து தமிழ்நாட்டுல 108. மலைக் கிராமங்கள்ல இன்னும் தொட்டில் கட்டித் தூக்கிட்டு வர்ற செய்தி அப்பப்ப வருது. ஆனா ஆம்புலன்ஸ் வந்தா பிரச்சினை தீந்துச்சுன்னு நெனச்சுட்டா மூணாவது தாமதத்துல வசமா மாட்டிக்குவோம்.

ஏன்னா எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்துட்டா அப்புறம் என்ன நடக்குதுங்கிறதுலதான் இன்னைக்கு நெறைய சாவு இருக்கு. பாட்டியோட தங்கச்சி வண்டி டவுனுக்குப் போனப்ப கம்பவுண்டர் மட்டும்தான் இருந்தாராம். இன்னைக்கு அந்தக் காட்சி கொஞ்சம் மாறியிருக்கும், டாக்டர் இருப்பாரு மயக்க மருந்து டாக்டர் இருக்க மாட்டாரு, ரெண்டு பேரும் இருந்தா ரத்தம் இருக்காது, ரத்தம் இருந்தா அந்தக் குரூப் இருக்காது, "மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க"ன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுப்பாங்க, அங்கேர்ந்து இன்னொரு ஒன்றரை மணி நேரம். இந்தியாவுல 2005ல ஜனனி சுரக்ஷா திட்டம் வந்து, ஆஸ்பத்திரியில பெத்தா காசுன்னு சொன்ன அப்புறம், ஆஸ்பத்திரிப் பிரசவம் நூத்துக்கு 39லேர்ந்து 2019-21ல 89க்கு ஏறிடுச்சு. மூணாவது தாமதம் அதே வேகத்துல சரியாகல. வீட்டுலேர்ந்து பிரசவத்த ஒரு கட்டடத்துக்கு மாத்துறது ஒரு வேலை, அந்தக் கட்டடத்துக்குள்ள ஏற்பாடு இருக்குறது வேற வேலை.

என்ன ஏற்பாடுன்னு ஒரு கணக்கு இருக்கு. அடிப்படை மையம்னா ஏழு வேலை தெரிஞ்சிருக்கணும்: ஊசி மூலமா ஆன்டிபயாடிக், பை சுருங்க மருந்து, ஜன்னிக்கு மருந்து, ஒட்டிக்கிட்டு இருக்குற நஞ்சக் கையால எடுக்குறது, உள்ள தங்குனதச் சுத்தம் பண்றது, வேக்கம் மாதிரி கருவி வச்சுப் பிரசவம் பாக்குறது, மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு வர வைக்கிறது. இதோட சிசேரியனும் ரத்தம் ஏத்துறதும் சேந்தா முழு மையம். அஞ்சு லட்சம் ஜனத்துக்கு இப்படி அஞ்சு மையம், அதுல ஒண்ணாவது முழு மையமா இருக்கணும்ங்கிறது பல காலமா சொல்ற அளவு. நம்ம ஊர்ல 'சீமாங்'னு போர்டு போட்டிருக்குற ஆஸ்பத்திரி பாத்திருப்பீங்க, அதுதான் அந்த முழு மையம், நாள் முழுக்க ஆள் இருக்கணும்.

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன், அளக்குறது. ரத்தம் எவ்வளவு போச்சுன்னு கண்ணால பாத்துச் சொல்லச் சொன்னா பெரிய டாக்டரே தப்பாச் சொல்லுவாரு, பெரும்பாலும் குறைச்சுச் சொல்லுவாரு. துணியில ஊறுது, பனிக்குடத் தண்ணியோட கலக்குது, தரையில ஓடுது. இதுல கூடுதலா ஒரு ஏமாத்து வேலை, கர்ப்பிணி உடம்புல ஏற்கனவே ஒரு லிட்டருக்கு மேல கூடுதல் ரத்தம் சேந்திருக்கும், அதனால நெறைய போற வரைக்கும் பி.பி. நார்மலாவே காட்டும், பொண்ணு பேசிக்கிட்டே இருப்பா, திடீர்னு சரிஞ்சிடுவா. நாடித்துடிப்புதான் முதல்ல காட்டிக் குடுக்கும். நாடித்துடிப்ப மேல் பி.பி.யால வகுத்துப் பாத்து 0.9க்கு மேல வந்தா உஷாராகணும்னு ஒரு எளிய கணக்கு வச்சிருக்காங்க. நாடி 110, மேல் பி.பி. 100ன்னா 1.1. பி.பி. 100ங்கிறத மட்டும் பாத்தா ஒண்ணும் இல்லன்னு போயிடுவோம்.

இதுக்கு வந்த தீர்வு ஒரு பிளாஸ்டிக் ஷீட். உண்மையாத்தான் சொல்றேன். பிரசவம் ஆன உடனே இடுப்புக்குக் கீழ விரிக்கிற ஷீட், அடியில புனல் மாதிரி பை, பையில மில்லி அளவு கோடு. இது நம்ம பக்கத்து ஊர் சமாச்சாரம்கூட. கர்நாடகாவுல பெலகாவி மாவட்டக் கிராமங்கள்ல 1,620 பொம்பளைங்ககிட்ட நடந்த ஒரு ஆய்வுல இந்த மாதிரி ஷீட்ட வச்சுத்தான் ரத்தத்த அளந்தாங்க. 2006ல முடிவு வந்துச்சு, துணை நர்சுங்க குழந்தை பொறந்த உடனே, பை சுருங்க வைக்கிற மிசோப்ரோஸ்டால் மாத்திரைய வாய்வழியாக் குடுத்தாலே ரத்தப்போக்கு நூத்துக்கு 12லேர்ந்து 6.4க்குக் குறைஞ்சுது. டாக்டர் இல்ல, ஊசி இல்ல, ஃபிரிட்ஜ் இல்ல.

அப்புறம் கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நாலு நாட்டுல 80 ஆஸ்பத்திரி, ரெண்டு லட்சத்துக்கு மேல பிரசவம், இ-மோட்டிவ்னு ஒரு ஆய்வு, 2023ல முடிவு வந்துச்சு. புது மருந்து ஒண்ணுமே இல்ல. கோடு போட்ட ஷீட்ல அளக்கணும், அளவு தாண்டுன உடனே வயித்த மசாஜ் பண்றது, பை சுருங்க மருந்து, டிரானெக்சாமிக் ஆசிட், டிரிப்ஸ், எங்கேர்ந்து வருதுன்னு பரிசோதிக்கிறது, எல்லாத்தையும் ஒரே மூச்சுல பண்ணனும். அதுக்கு முன்னாடி என்ன பழக்கம்னா ஒண்ணு பண்ணிப் பாத்துட்டுக் காத்திருந்து அப்புறம் அடுத்தது. இப்படி மாத்துனதுல மோசமான ரத்தப்போக்கு, அதுக்காக வயித்த அறுக்குறது, அதனால வர்ற சாவு, மூணும் சேந்த எண்ணிக்கை 60 சதவீதம் குறைஞ்சுது. பழைய முறையில ரத்தப்போக்க பாதிப் பேருக்குத்தான் கண்டுபிடிச்சாங்க, புது முறையில நூத்துக்கு 93. மீதிப் பாதிப் பேருக்கு ரத்தம் போயிட்டு இருந்ததே யாருக்கும் தெரியலங்கிறத நெனச்சா இப்பவும் எனக்கு வயித்தக் கலக்குது. முன்னாடி 500 மில்லி போனாத்தான் ரத்தப்போக்குன்னு கணக்கு, 2025ல உலக சுகாதார நிறுவனம் 300 மில்லியிலயே, நாடி பி.பி. சரியில்லன்னா, வைத்தியத்தத் தொடங்குன்னு சொல்லிடுச்சு.

மருந்துகளப் பத்திச் சுருக்கமா. பை சுருங்க ஆக்சிடோசின்தான் முதல் மருந்து, குழந்தை பொறந்த உடனே எல்லா அம்மாவுக்கும் 10 யூனிட் ஊசி, வராமத் தடுக்கவே. ஆனா அது 2லேர்ந்து 8 டிகிரி குளிர்ல இருக்கணும், நம்ம வெயில்ல கரன்ட் இல்லாத சப்-சென்டர் மேஜை மேல கெடந்தா வீரியம் போயிடும், ஊசி போட்டுட்டோம்ங்கிற நிம்மதி மட்டும்தான் மிச்சம். வெயில்ல கெடாத கார்பெடோசின்னு ஒண்ணு வந்து, 2018ல பத்து நாட்டு ஆய்வுல ஆக்சிடோசினுக்குக் குறைஞ்சது இல்லன்னு தெரிஞ்சுது. டிரானெக்சாமிக் ஆசிட் ரத்தம் உறைஞ்சது கரையாமப் பாத்துக்குற மருந்து, 21 நாட்டுல 20,000 பேர்கிட்ட பாத்ததுல, மூணு மணி நேரத்துக்குள்ள குடுத்தா ரத்தப்போக்குச் சாவு மூணுல ஒரு பங்கு கிட்ட குறையுதுன்னு 2017ல தெரிஞ்சுது, மூணு மணி நேரம் தாண்டுனா பிரயோஜனம் இல்ல. ஜன்னிக்கு மெக்னீசியம் சல்ஃபேட், அதாவது பேதிக்குக் குடுக்குற எப்சம் உப்பேதான் சுத்தப்படுத்தி ஊசியா, 2002ல வந்த பெரிய ஆய்வுல ஜன்னி வர்றதப் பாதிக்கு மேல குறைச்சுது. எல்லாம் மலிவான, பழைய மருந்துங்க.

ஒரு எச்சரிக்கை, இதப் படிச்சிட்டு யாரும் மாத்திரை வாங்கி வீட்டுல வச்சுக்காதீங்க. இதே ஆக்சிடோசினையும் மிசோப்ரோஸ்டாலையும் குழந்தை பொறக்குறதுக்கு முன்னாடி 'சீக்கிரம் வலி வரட்டும்'னு கண்டபடி குடுத்தா கர்ப்பப்பை வெடிக்கலாம். சில ஊர்ல வீட்டுக்கே வந்து வலி ஊசி போடுற ஆளுங்க பண்றது இதுதான்.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. பங்களாதேஷ்ல டாக்காவுல சாயிபா அக்தர்னு ஒரு டாக்டரம்மா. ரத்தம் நிக்காதப்ப கர்ப்பப்பைக்குள்ள ஒரு பலூன வச்சு ஊதி உள்ளேர்ந்து அழுத்துறது ஒரு வைத்தியம், அந்தப் பலூன் ஏழை நாட்டு ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்படியாகுற விலை இல்ல. அந்தம்மா ஒரு ரப்பர் குழாயோட முனையில ஆணுறையக் கட்டி உள்ள வச்சு சலைன் தண்ணி ஏத்துனாங்க. முதல்ல பண்ணுன 23 பேருக்கும் ரத்தம் நின்னுச்சுன்னு 2003ல எழுதுனாங்க. அப்புறம் பல நாட்டுல இதப் பண்ணியிருக்காங்க. ஆனா இதுவும் மருந்து, கவனிப்பு எல்லாம் முறையா நடந்தும் நிக்கலன்னாத்தான், அதுக்குப் பதிலா இல்ல.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2001-03ல நம்ம விகிதம் 134, அப்ப இந்தியா 301. நம்ம ஊர்ல யாரும் மாயம் ஒண்ணும் பண்ணல, சலிப்பான வேலைகளா செஞ்சாங்க. 1990கள்ல மருந்து வாங்குறதுக்குத் தனிக் கழகம், அதனால ஆரம்ப சுகாதார நிலையத்துல ஊசி இல்ல போய் வெளிய வாங்கிட்டு வாங்கிற பேச்சு குறைஞ்சுது. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துல மூணு ஸ்டாஃப் நர்ஸ் போட்டு ராத்திரியும் பிரசவம் பாக்க வச்சாங்க. முத்துலட்சுமி ரெட்டி பேர்ல நிதியுதவி, ஆரம்பத்துல சில நூறு ரூபாதான், 2018லேர்ந்து பணமும் சத்துணவுப் பெட்டகமும் சேத்து 18,000 ரூபாய். பெரியம்மா மாதிரி நர்சுங்க வீடு வீடாப் போய் மாசம் முழுகாம இருக்குறவங்களப் பேர் எழுதி, அட்டை போட்டு, நாள் குறிச்சு வச்சுக்கிட்டாங்க. இதுல நம்மூர் சிக்கல் ஒண்ணு இருக்கு, தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சு பொண்ணு கெளம்பிடுவா, அதுவரைக்கும் பாத்த நர்ஸ் ஒருத்தர், பிரசவம் பாக்கப்போற ஊர்ல வேற ஒருத்தர், பி.பி. ஏறிக்கிட்டு வந்தது இவங்களுக்குத் தெரியும் அவங்களுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்ல பதிவு நம்பர் வர்றதுக்கு முன்னாடி பெரியம்மா அந்த ஊர் நர்சுக்குக் கடுதாசி எழுதி பொண்ணு கையிலயே குடுத்து விடுவாங்க, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி மஞ்சள் தடவாத குறை.

இலங்கை நமக்கு முன்னாடியே இதச் செஞ்சது. 1926ல களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவு, அப்புறம் ஊர் ஊருக்குப் பயிற்சி எடுத்த மருத்துவமாது, அவங்களத் தூக்கிப் பிடிக்கப் பக்கத்துலயே இலவச ஆஸ்பத்திரி, பொண்ணுங்களுக்கு இலவசப் படிப்பு. 1930கள்ல லட்சத்துக்கு 2,000 கிட்ட இருந்த சாவு 1950கள்ல சில நூறுக்கு வந்துடுச்சு, அப்ப அந்த நாடு ஒண்ணும் பணக்கார நாடு இல்ல. காசு வந்த அப்புறம்தான் இதெல்லாம் முடியும்னு சொல்றவங்ககிட்ட நான் இதத்தான் சொல்லுவேன்.

ரத்தசோகையப் பத்திப் பேசாம விட்டா கணக்கு தப்பாயிடும். 2019-21 குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள்ல நூத்துக்கு 48 பேருக்கு ரத்தசோகை, இந்தியா 52. ஹீமோகுளோபின் 12 இருக்குறவ 700 மில்லி போனாலும் சமாளிச்சு எந்திரிச்சிடுவா, 7 இருக்குறவளுக்கு அதே 700 மில்லி ஆபத்து. கூஜா நெறைய தண்ணி இருக்குறதுக்கும் அடியில கொஞ்சம் கெடக்குறதுக்கும் உள்ள வித்தியாசம். கவர்ன்மென்ட்ல குடுக்குற இரும்புச்சத்து மாத்திரை பல வீட்டுல பொட்டியிலயே கெடக்கு, மலம் கறுக்குது, வயித்தப் பொரட்டுது, பொறக்குற புள்ள கறுப்பாப் பொறக்கும்னு வேற யாராவது சொல்லியிருப்பாங்க. புள்ள நிறத்துக்கும் மாத்திரைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. காபி, டீயோட சேத்து முழுங்குனா சத்து உடம்புல சரியாச் சேராதுங்கிறது மட்டும் நெசம்.

அதே 2019-21 ஆய்வுல ஆஸ்பத்திரிப் பிரசவம் தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல, சிசேரியன் 45 சதவீதம் கிட்ட, ஆனாலும் சாவு பூஜ்யத்துக்கு வரல. தேவையில்லாதவங்களுக்குக் கத்தி, தேவைப்பட்டவங்களுக்கு லேட்டு, ரெண்டும் ஒரே மாவட்டத்துல ஒரே ராத்திரியில நடக்கும்.

கடைசியா தணிக்கை. அம்மா இறந்துபோனா 24 மணி நேரத்துக்குள்ள மேல தகவல் போகணும், அப்புறம் ஒரு குழு வீட்டுக்கே போய் விசாரிக்கும், எத்தன மணிக்கு வலி வந்துச்சு, யார்கிட்ட முதல்ல போனீங்க, அங்க எவ்வளவு நேரம் வச்சிருந்தாங்க. மாவட்டத்துல கலெக்டர் முன்னாடி கூட்டம், அதுல செத்துப்போனவங்க சொந்தக்காரங்களையும் கூப்பிட்டுப் பேச விடுவாங்க. இங்கிலாந்துல 1952லேர்ந்து இத ரகசியமா, பேர் போடாம நடத்துறாங்க. தமிழ்நாடு 1990கள்லயே தொடங்கிடுச்சு, மத்த மாநிலங்களுக்கு முன்னாடி. பேர் வேணாம், பழி வேணாம், எங்க சறுக்குச்சுன்னு மட்டும் பாப்போம்ங்கிறது கொள்கை. நடைமுறையில? பழி வருமோன்னு பயந்து, கணக்கு நம்ம தலையில விழக்கூடாதுன்னு, ரத்தம் போயிட்டு இருக்குற பொண்ண ஆம்புலன்ஸ்ல ஏத்தி அடுத்த ஊருக்கு அனுப்புற பழக்கமும் வளந்துச்சு. இத நாலாவது தாமதம்னுதான் நான் சொல்லுவேன். பெரியம்மா ஒரு தடவை அப்படிப்பட்ட ஆம்புலன்ஸ்ல கூடப் போனாங்க, ஆஸ்பத்திரி பேரெல்லாம் வேணாம், நாப்பது கிலோமீட்டரும் அந்தப் பொண்ணு வயித்துல கைய வச்சு அழுத்திக்கிட்டே, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியிருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டே போனாங்களாம். அந்தப் பொண்ணு பொழச்சுக்கிட்டா, இப்ப எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பூக்கடை வச்சிருக்கா.

பாட்டிகிட்ட அன்னைக்கு எல்லாக் கேள்வியும் கேட்டு முடிச்சுட்டு பெரியம்மா கொஞ்ச நேரம் விரல மடக்கி எண்ணிக்கிட்டு இருந்தாங்க. சாப்பாட்டு நேரத்துலேர்ந்து மூணாவது சேல வரைக்கும் ஒரு மணி நேரம், புருஷன் வர்ற வரைக்கும் இன்னொரு மணி நேரம். "வண்டி கெளம்பும்போதே நேரம் முடிஞ்சு போச்சும்மா"ன்னாங்க. பாட்டி அதுக்கப்புறமும் அந்தக் கதைய எத்தனையோ தடவை சொல்லியிருக்கு, கடைசியில வர்ற அந்த 'விதி'ய மட்டும் விட்டுட்டுச்சு, அந்த எடத்துல "மடை திருப்பப் போனவன் வர்றதுக்குள்ள"ன்னு சொல்லி நிறுத்திக்கும்.